கேட்டுச் சொல்லுங்க

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த வருஷங்களில் பஸ் ஏறிய யாருக்கும் அவர் குரல் தெரிந்திருக்கும். ஆளைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டைம் கீப்பர் அறையை ஒட்டி ஒரு கூண்டு. ஒரு நாற்காலி போட்டால் கதவு சாத்தாது. அதற்குள் ஒரு மைக்கும் ஒரு மேஜை விசிறியும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருப்பார். "அரியலூர், உடையார்பாளையம் வழியாக ஜெயங்கொண்டம் செல்லும் பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் வெற்றிலை வாங்கிக்கொண்டிருக்கும் கிழவர் முதல் தூக்கத்திலிருக்கும் கைப்பிள்ளை வரை நிமிர்ந்து பார்ப்பார்கள். நடுவில் ஜவுளிக்கடை விளம்பரம், நகைக்கடை விளம்பரம். யாராவது பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு ஓடிவந்தால் அதையும் அவர்தான் சொல்லவேண்டும். என்ன சட்டை, என்ன நிறம், இடது புருவத்தில் தழும்பு, காலில் ஒற்றைக் கொலுசு என்று அவர் அடையாளம் சொல்லச் சொல்ல, பிள்ளை கண்முன்னால் வந்து நின்றுவிடும். பாதி நேரம் பிள்ளையே கிடைத்தும்விடும்.

இப்படி ஊருக்கே வாய் திறந்த மனிதருக்கு, எதிரிலேயே நின்றாலும் கேட்கவேண்டிய ஆளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்க வராது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் என் அண்ணன் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். கல்லாவில் உட்கார்வது நான். டீக்கடை எங்களுக்கு அடுத்த கடை. அவர் டீ குடிக்க வருவார். டீ ஆற்றுகிறவர் கையெட்டும் தூரத்தில் நிற்பார். இவர் என் பக்கம் திரும்பி, "சக்கர கம்மியாப் போடச் சொல்லுங்க" என்பார்.

"அண்ணே, நான் இங்கதான நிக்கிறேன்" என்பார் டீக்கடைக்காரர்.

"அதான், கேட்டுச் சொல்லுங்க" என்று என்னிடமே சிரிப்பார்.

சிரிக்கத்தான் முடியும். மைக் கான்ட்ராக்டரிடம் சம்பளம் கூட்டிக் கேட்பதற்கு ஒரு டிரைவரைத் தூது விட்டார் என்று சொல்வார்கள். அந்த டிரைவர் தன் மச்சான் கடைக்கு ஒரு விளம்பரம் பேசி முடித்துக்கொண்டு திரும்பி வந்தாராம். ஊரே சொல்லிச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

வீட்டிலும் அதே கதைதான். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பிறத்தியார் முன்னால் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. "சோறு ஆச்சான்னு உங்கம்மாவக் கேளு" என்பான் அப்பன். "குழம்பு கொதிக்குதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் ஆத்தாள். பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் அது பிறத்தியார் போகும்வரைக்கும்தான். இவர் வீட்டில் யாரும் இல்லாதபோதும் அப்படித்தான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டியிடம் பேச மகள் வேண்டும், மகளிடம் பேச பெண்டாட்டி வேண்டும். "அதுக்குப் பரீட்சையில என்ன மார்க்குன்னு கேளு" என்று மனைவியிடம் கேட்பார். மகள் அவர் மடியில் உட்கார்ந்திருக்கும்.

அந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டிமடத்துக்குப் போன் பேச ஒருதரம் பூத்துக்கு வந்தார். கையில் அவருக்குச் சோறு கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு இருந்தது. அதைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையால் நம்பர் போட்டார். பேசி முடித்துவிட்டு, "ஏம்மா, நான் ரொம்ப சத்தமாப் பேசிட்டனா?" என்று கேட்டார். இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். தூக்கும் அந்தக் கேள்வியும்.

அந்த அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, பத்தியம் என்று நாளை ஓட்டிவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் இவர் முகத்தைப் பார்க்கவேயில்லை என்றார்கள். மகளுக்கு எட்டு வயது. அம்மா போனதும், அப்பனும் மகளும் பேசிக்கொள்ள நடுவில் ஆள் இல்லாமல் போயிற்று.

அவர் எல்லாரையும் யோசனை கேட்டார். அது அவருக்குப் பழக்கம். மூக்குக்கண்ணாடி மாற்றுவதாக இருந்தால்கூட நாலு பேரிடம் கேட்பார். பிள்ளை ராத்திரியெல்லாம் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து அழுகிறது, என்ன செய்யலாம் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார், கண்டக்டர்களிடம் கேட்டார், அரியலூரிலிருந்த அவருடைய அக்காவிடம் கேட்டார். கண்ணில் படாமல் இருந்தால் பிள்ளை மறந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அஸ்தி கரைக்கத் திருமானூருக்குப் போனபோது சட்டத்தோடு அந்தப் படத்தையும் துண்டில் சுற்றி எடுத்துப்போய்க் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது மகள் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் அக்காவைப் பார்த்து, "படம் ஆத்தோட போயிருச்சுன்னு சொல்லிடுக்கா" என்றிருக்கிறார். மகள் பக்கத்தில்தான் நின்றது.

அது ஒன்றுதான் படம். கல்யாணம் சித்தளியில் ஒரு கோயிலில், போட்டோகிராபர் வைக்காமல் நடந்தது. மறுமாசம் அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் போய் எடுத்துக்கொண்ட படம் அது. அந்த அம்மாவின் பிறந்த வீட்டில் படம் எடுக்கிற வசதியோ பழக்கமோ கிடையாது. முந்திரிக்காட்டுக் கூலி வேலை. வாக்காளர் அட்டை இருந்தது. அதில் இருந்த கறுப்புத் தீற்றலை அம்மா என்று சொன்னால் அம்மா, அப்பா என்று சொன்னால் அப்பா. பிள்ளையோ அப்பனை உரித்து வைத்திருந்தது. அம்மா சாடை அதன் முகத்தில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இதையெல்லாம் பிற்பாடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு நானும், பாவம் மனிதர், பிள்ளைக்காக எவ்வளவு யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து அண்ணன் பூத்தை பிரவுசிங் சென்டராக மாற்றினான். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, வாசலில் பச்சைத் திரை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அப்பா வேலை முடியும்வரை கூண்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நான்தான் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தேன். கூட்டம் இல்லாத நேரம், என் மேஜைக்குப் பக்கத்து கம்ப்யூட்டர் அதற்கு. முதலில் சீட்டாட்டம் ஆடியது. பிறகு கார் ஓட்டியது. பிறகு ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது வரன் பார்க்கும் பக்கத்தில் கல்யாணப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜாதகம் பதிந்து கொடுப்பது எங்களுக்கு ஒரு சின்ன வருமானம். அதற்காக அண்ணன் வைத்திருந்த கணக்கு திறந்தே கிடக்கும். அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது டெலிபோன் வயர் வழியாகத்தான் நெட். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் வகிடு, அப்புறம் நெற்றி, பொட்டு, புருவம். மூக்கு வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இந்தப் பிள்ளை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். சில பேருக்கு நெற்றியிலேயே தலையை ஆட்டி அடுத்த படத்துக்குப் போய்விடும். சில பேருக்கு உதடு வரை பொறுக்கும். முழுசாக வந்தபிறகு மூக்குக்கு நேரே விரலை வைத்து மறைத்துப் பார்க்கும். பதினோரு வயதுப் பிள்ளை, தினமும், வேறு எதையும் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் டீக்கடையில் சொன்னான். நாலு நாளில் பஸ் ஸ்டாண்டே, "அப்பனுக்குப் பொண்ணு பாக்குதுடா புள்ள" என்று பேச ஆரம்பித்துவிட்டது.

அவர் வந்தார். திரைக்கு வெளியே நின்றுகொண்டு என்னை ஜாடை காட்டி அழைத்தார். உள்ளே மகள் இருந்தது.

"பொண்ணுங்க படமாப் பாக்குதாமே?"

"ஆமாண்ணே."

"எதுக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சும்மாக்கா" என்றது. வந்து சொன்னேன்.

"சும்மா பாக்குமா ஒரு புள்ள?"

"நீங்களே கேளுங்கண்ணே. நாலு எட்டுதான உள்ள."

"நான் கேட்டா பயந்துக்கும்மா. திட்டுறேன்னு நெனச்சுக்கும். நீங்க இன்னொரு தடவ மெதுவாக் கேளுங்க."

"நானே கேட்டுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு? உங்க புள்ளதான?"

"என் புள்ளதான்" என்றார். திரும்பிக் கூண்டுக்குப் போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் கணீரென்று கேட்டது.

பிறகு வழக்கம்போல மற்றவர்களிடம் கேட்டார். டீக்கடைக்காரர் ஒரு பதில் வைத்திருந்தார். டிரைவர்கள் அதே பதிலை வைத்திருந்தார்கள். அரியலூர் அக்கா அதை அழுதுகொண்டே சொன்னார். "தாயில்லாத புள்ள தாய்க்கு ஏங்குதுடா. வாய் விட்டுச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கம்ப்யூட்டர்ல தேடுது. நீ கல்லாட்டம் உக்காந்திருக்க." உடையார்பாளையத்தில் செவ்வாய் தோஷம் என்று முப்பத்துநாலு வயது வரை கல்யாணம் தள்ளிப்போன ஒரு பெண்ணை அக்காவே பார்த்தார், அக்காவே பேசி முடித்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் டீ குடிக்க வந்தார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"எனக்கு இஷ்டமில்லம்மா" என்றார். "அவ இருந்த எடத்துல இன்னொருத்தரக் கொண்டாந்து வைக்கிறதுக்கு மனசு வல்ல. என்ன பண்றது, புள்ள ஆசப்படுதே."

கண் நிறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினார்.

கல்யாணம் ஆன மறுவாரம் மகள் பையோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அதே பக்கத்தைத் திறந்தது. ஒரு வகிடு இறங்கியது, நெற்றி இறங்கியது. தலையை ஆட்டியது. அடுத்த படம்.

நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பார்க்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அதையேதான் முன்பே கேட்டிருந்தேன். அதனால், "இவங்க ஏன் வேணாம்?" என்று கேட்டேன்.

"புருவம் சேந்திருக்குக்கா. எங்கம்மாவுக்குச் சேந்திருக்காது."

அடுத்த படம் இறங்க ஆரம்பித்தது.

"எங்கம்மா மொகம் மறந்துபோச்சுக்கா" என்றது. அழவில்லை. ஸ்கேல் தொலைந்துபோச்சு என்பதுபோலச் சொன்னது. "புருவம் ஞாபகம் இருக்கு, பல்லு கொஞ்சம் ஞாபகம் இருக்கு. மூக்கு சுத்தமா வர மாட்டேங்குது. அதே மாதிரி யாராச்சும் இருந்தா, பாத்தவொடனே எல்லாம் ஞாபகம் வந்துரும்ல?"

"சித்தி வேணும்னு இதப் பாக்கலையா நீ?"

முதல் முறையாக என் பக்கம் திரும்பியது. "சித்திய யாருக்கா தேடுனா?"

கல்லாவை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினேன். கூண்டுக் கதவைத் தட்டி, நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மைக்கின் பொத்தானை அணைத்தார். அரியலூர் பஸ் கிளம்ப நேரமாயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தார். டைம் கீப்பர் எட்டிப் பார்த்து, "என்ன, சொல்லலையா?" என்றார். இவர் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரியலூர் பஸ் அன்றைக்கு யாரும் சொல்லாமலே போயிற்று.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அது" என்றார்.

"நீங்க கேட்டீங்களாண்ணே?"

"கேட்டனே. உங்ககிட்ட கேட்டேன். அக்காகிட்ட கேட்டேன். எல்லார்கிட்டயும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

இந்த மனிதரை அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கவில்லை. இவர் அன்புக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த அன்பு ஒரு படத்தை ஆற்றில் விட்டது, ஒரு பெண்ணைக் கூட்டிவந்து இன்னொருத்தி இடத்தில் நிற்க வைத்தது. உடையார்பாளையத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன். பிள்ளை கேட்டுத்தான் வருகிறோம் என்று நம்பி வந்தவர். அவரிடமும் யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அரியலூருக்குப் போனார். "நீங்க வந்து கேளுங்கம்மா" என்றார். படம் எடுத்த ஸ்டுடியோவில் பழைய முதலாளி செத்துப்போய் மகன் ஜெராக்ஸ் மிஷின் போட்டிருந்தார். நான் நெகட்டிவ் பற்றிக் கேட்டேன்.

"பழசெல்லாம் மழத்தண்ணி பூந்து ஒட்டிப்போச்சுங்க. வெள்ளி எடுக்குறவங்க வந்து மொத்தமா எடைக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. கருப்பு வெள்ளை பிலிம்ல வெள்ளி இருக்கும்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வழியில் சிமெண்டு லாரிகள் நின்ற இடத்தில் பஸ் மெதுவாகப் போனது. "அந்த வெள்ளிய உருக்கிக் கொலுசு பண்ணியிருப்பாங்களாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் பிள்ளை வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். திரைக்கு வெளியே நின்றார். என்னைப் பார்த்து, "எனக்குக் காமிக்கச் சொல்..." என்று ஆரம்பித்தார். நான் கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நெடுநேரம் நின்றார். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து, மகள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "காமி" என்றார்.

மகள் என்னைப் பார்த்தது. அப்புறம் அப்பாவைப் பார்த்தது. அடுத்த படத்தைத் திறந்தது.

"இவங்க மாதிரியாப்பா?"

"இல்ல. அவளுக்கு நெத்தி இவ்வளவு ஏறாது. முடி இங்கியே ஆரம்பிச்சுரும்."

"இவங்க?"

"கண்ணு சரிதான். மூக்கு இவ்வளவு கூர்மை இல்ல. கொஞ்சம் சப்பையா, நுனியில இப்படி ஒரு உருண்ட."

"உருண்டயா?"

"ஆமா. கோவம் வந்தா அதுல வேர்க்கும்."

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் அந்த ஸ்டூல்தான். பஸ் ஸ்டாண்டில் தொலைந்த பிள்ளைகளுக்கு எப்படி அடையாளம் சொல்வாரோ அப்படியேதான் சொன்னார். குரல் மட்டும் இறங்கியிருந்தது. காது ரெண்டும் ஒட்டியிருக்காது, கொஞ்சம் விலகி நிக்கும், வெயில்ல போனா பின்னாலருந்து பாத்தா செவப்பாத் தெரியும். சிரிச்சா எடது பக்கப் பல்லு மேல ஏறியிருக்கிறது தெரியும், அதுக்காகக் கையால மறச்சுக்குவா. தாடையில ஒரு கொசு கடிச்ச மாதிரி மச்சம். ஊரில் வேறு யாருக்கும் கேட்காத குரலில் அவர் பேசியது அந்த மாசங்களில்தான். இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டே போன ஒவ்வொரு பெண்ணிலும் அந்த அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். படம் ஒன்றும் அகப்படாமல் இப்படியே வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் ஆசைப்பட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு படம் இறங்கியது. வகிடு, நெற்றி, புருவம். பிள்ளை தலையாட்டவில்லை. மூக்கு வந்தது, உதடு வந்தது. பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது.

"அப்பா, இவங்கதாம்ப்பா. இப்படித்தான் இருப்பாங்க. எனக்கு ஞாபகம் வந்துருச்சு. இல்லப்பா?"

அவர் படத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்து அதன் தலையில் வைத்தார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல்.

"ஆமா" என்றார். "அச்சு அசல்."

கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஈரம் காயுமுன் மசி கலைந்துவிடும் என்று தாளை இரண்டு கையிலும் தட்டுபோல ஏந்திக்கொண்டு பிள்ளை வெளியே நடந்தது. அவர் பின்னால் நின்றார்.

"ஒரு சாடகூட இல்லீங்க" என்றார் என்னிடம். "அவ கருப்பு. இது நல்ல செவப்பு. காதப் பாருங்க, ஒட்டிக் கெடக்கு."

"பின்ன ஏண்ணே ஆமான்னீங்க?"

"அது மொகத்தப் பாத்தீங்கல்ல? மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கெடச்சிருக்கு அதுக்கு. எந்த வாயால இல்லங்குறது?"

"உசுரோட இருக்குற பொண்ணுண்ணே. தஞ்சாவூர்ப் பக்கம். மாப்பிள்ள தேடிக்கிட்டிருக்கு. மாலகீல போட்டு மாட்டிடாதீங்க."

"சேச்சே. அது பைக்குள்ள வச்சுக்கிடும்" என்றார்.

மறுநாளிலிருந்து பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அடுத்த தையில் எனக்குக் கல்யாணமாகித் திருமானூருக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அண்ணன் கடையைக் காலி பண்ணுகிற சமயத்தில் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் குரல் ரெக்கார்டு ஆகியிருந்தது. யாரோ ஒரு பெண், எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி. அவரைத் தேடி வீட்டுக்குப் போனேன். மகள் வளர்ந்து, தாவணி போட்டுக்கொண்டு, "அக்கா" என்று கையைப் பிடித்தது. சுவரில் அதே ஆணியில் அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. நெற்றியில் குங்குமம், மேலே கதம்பச் சரம், கீழே சிவப்பு பல்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்திலிருந்த தஞ்சாவூர்ப் பெண் இந்நேரம் எங்கேயோ ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்.

"இன்னிக்கு அக்காவுக்குத் தெவசம்" என்றார் உடையார்பாளையத்துப் பெண். வடையும் பாயசமும் கொண்டுவந்து வைத்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "நான் பாத்ததில்ல. நல்ல லட்சணமா இருக்காங்கல்ல?" அவர் மனசில் ஒரு துளி கள்ளம் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான், "ஆமாங்க" என்றேன்.

என்னை பஸ் ஏற்றிவிட பிள்ளையின் அப்பாதான் கூட வந்தார். வேலை போனபின் ஆள் சுருங்கியிருந்தார். புளியமரத்தடியில் நிற்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"தெனம் அதுக்கு முன்னாலதாம்மா வெளக்கு ஏத்துறோம். புள்ள சந்தோசமா இருக்கு. ஆனா இப்ப எனக்குக் கண்ண மூடுனா அந்தப் பொண்ணுதான் வருது. அவ வர மாட்டேங்குறா."

எதிர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. சட்டென்று என்னைப் பார்த்தார். அந்த மனிதர் தனக்காக என்னை நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

"நீங்க அவள ஒருதரம் பாத்திருக்கீங்கல்ல, பூத்துல? எப்படி இருப்பா, சொல்லுங்க."

எவர்சில்வர் தூக்கு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது ரெண்டும் கொஞ்சம் விலகி நிக்கும்ணே" என்றேன். "வெயில்ல பாத்தா செவப்பாத் தெரியும்."

"ஆமா" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆமாம்மா. விலகித்தான் நிக்கும். நான் மறந்தே போயிட்டேன் பாருங்க."

பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். அந்தக் காதை நான் பார்த்ததில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மகளுக்குச் சொன்னபோது, திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.